ஸ்பீச் தெரபிக்குப் போகுமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

இரண்டு வயது முடிந்தும் குழந்தை இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், வீட்டில் முதலில் கிடைப்பது ஆறுதல்தான். "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்பார் பாட்டி. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவார்கள். நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பள்ளியில் சேர்க்கும் நேரம் நெருங்கியதும் பயம் பிடித்துக்கொள்ள, ‘ஸ்பீச் தெரபி’ என்று எங்கே பலகை தெரிகிறதோ அங்கே ஓடுகிறோம். அந்தப் பதற்றத்தில் ஒன்றைக் கேட்க மறந்துவிடுகிறோம்: நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், உங்கள் பதிவு எண் என்ன?

அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். இதற்கான இளநிலைப் படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு ஆண்டுகள், கடைசி ஓராண்டு முழுக்க இன்டர்ன்ஷிப். ஓராண்டு டிப்ளமோவான டி.எச்.எல்.எஸ். முடித்தவர்கள் உதவியாளர்கள். அவர்கள் பணி மதிப்புள்ளது. ஆனால் குறைபாடு இன்னதென்று தனியாக முடிவுசெய்வது அவர்கள் வேலையல்ல. சில நாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழ் எந்தக் கணக்கிலும் சேராது.

நான்கு ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். முறையாகப் படித்தவர் எடுத்த எடுப்பில் குழந்தையைப் பேசச் சொல்லமாட்டார். முதலில் காது கேட்கிறதா என்று உறுதிசெய்வார். காதில் சிறு குமிழ் வைத்து ஓ.ஏ.இ. சோதனை, தேவைப்பட்டால், குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி பெரா சோதனை. பிறகு தரையில் உட்கார்ந்து குழந்தையோடு விளையாடுவார். பெயர் சொன்னால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டுகிறதா, பொம்மை ஓடினால் அம்மா முகத்தைப் பார்க்கிறதா என்று கவனிப்பார். தாய்க்கும் சொல்லித்தருவார், வாரத்தில் சில மணி நேரம் மட்டும் தெரபிஸ்டிடம் இருக்கும் குழந்தை, மீதி நேரமெல்லாம் வீட்டில்தானே இருக்கிறது? கதவைச் சாத்திக்கொண்டு படஅட்டையைக் காட்டி ‘ஆப்பிள் சொல்லு’ என்று மிரட்டும் இடத்தில் இதில் எதுவும் நடக்காது.

"வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்ற அறிவுரைதான் எனக்கு மிகுந்த கோபம் தருவது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெளிவான விஷயம். ஆங்கிலம் வராத பாட்டியை ஊமையாக்கினால் குழந்தையின் காதில் விழும் பேச்சுதான் குறையும். ஆங்கிலக் குழந்தைகளை வைத்துச் செய்த அளவுகோலும் நமக்கு அப்படியே பொருந்தாது. ழகரமும் றகரமும் தமிழ்க் குழந்தைக்குத் தாமதமாக வருவது இயல்பு. மைசூரிலும் சென்னையிலும் இத்துறை மாணவர்கள் இந்திய மொழிகளுக்கான சோதனைகளை ஆய்ந்து உருவாக்குவது இதனால்தான். உங்கள் குழந்தையை எந்த மொழியில் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

தவறான கையில் போவது பணம் மட்டுமல்ல, வயதும்தான். செவிக்குறை என்றால் பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே உலகம் ஏற்ற கணக்கு. தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துவது ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் சோதனையும் பயிற்சியும் இலவசம். தனியாரிடம் போகுமுன் அங்கே விசாரியுங்கள். பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும் தகுதி பார்ப்பது அவசியம். விழுங்கத் தடுமாறுபவருக்கு முறை தெரியாதவர் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம்.

பிளஸ் டூ முடித்து இந்தப் படிப்பில் சேர நினைக்கும் பிள்ளைகளே, கட்டணம் கட்டுமுன் அந்தக் கல்லூரிக்கு, அந்த ஆண்டுக்கு, குழுமத்தின் அனுமதி உண்டா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். அனுமதி இல்லாத இடத்தில் படித்தால் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாமல் தொழில் செய்வது குற்றம்.

அந்தக் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் இன்றைக்கு யாரையும் தடுக்காது. சட்டம் திருத்தப்பட வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது காகிதம்தான். மதிப்பீட்டு அறிக்கையைக் கையெழுத்தோடும் பதிவு எண்ணோடும் வாங்குங்கள். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் குழுமத்துக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.