விரைவுக்குத் தடை கையோ கண்ணோ?

விளையாட்டுப் பொருளென்று நம்மவர் எளிதாய் எண்ணுவனவற்றுள் சில, உற்று நோக்குவார்க்கு நல்லாசிரியராய் அமைவதுண்டு. ரூபிக் கனசதுரம் அவற்றுள் ஒன்று. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில் கட்டிடக்கலை பயிற்றிய எர்னோ ரூபிக் என்பார் 1974-ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். ஆறு முகங்களும் ஆறு நிறங்களும் உடைய இச்சிறு பொருள், 20 இலக்கங்கொண்ட ஒரு பேரெண்ணளவான நிலைகளில் நிற்கவல்லது.

1982-ஆம் ஆண்டில் புடாபெஸ்டில் நடந்த உலகப் போட்டியில் மின் தாய் என்பவர் 22.95 வினாடியில் இதனை ஒழுங்குபடுத்தி வென்றார். 2023-ஆம் ஆண்டில் மாக்ஸ் பார்க் என்னும் அமெரிக்க இளைஞர் 3.13 வினாடியில் முடித்தார். மனிதர் விரல்கள் ஏழு மடங்கு விரைவுற்றனவோ? அன்று. கருவி வழுவழுப்பாய்ச் சுழலலாயிற்று, முறைகள் செப்பமுற்றன, இவற்றோடு, பயில்வோர் தம் முயற்சியைக் காணொளியாக்கி ஒருவர்க்கொருவர் காட்டித் திருத்திக்கொள்ளும் வழக்கமும் வேரூன்றிற்று. அவ்வழக்கத்தின் பயனையே ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

பலர் கைக்கொள்ளும் முறை, ஜெசிகா ஃபிரிட்ரிக் என்னும் அம்மையார் பெயரால் வழங்குவது. முதற்கண் ஒரு முகத்தில் சிலுவை வடிவம் அமைத்தல். அடுத்து, மூலைத்துண்டும் ஓரத்துண்டுமாக நான்கு இணைகளை உரிய இடத்திற் சேர்த்தல். பின்னர் மேல்முகம் முழுவதையும் ஒரே நிறமாக்கல். ஈற்றில் அவ்வடுக்கின் துண்டுகளை இடம் மாற்றி நிறுத்தல். பின்னிரண்டிற்கும் முறையே 57, 21 வாய்பாடுகள் உள. ஏறக்குறைய 60 திருப்பங்களில் யாவும் முற்றுப்பெறும். வினாடிக்கு நான்கு முறை திருப்புவார்க்கு 15 வினாடி போதும். யாமும் அவ்வேகத்திலேயே திருப்பினோம். ஆயினும் 40 வினாடி கொண்டோம். எஞ்சிய 25 வினாடியும் எங்குச் சென்றன?

விரலே குற்றவாளியெனக் கருதி வாய்பாடுகளை இரவும் பகலும் உருவேற்றினோம், பயனில்லை. காணொளி எடுத்துப் பிறர்க்குக் காட்டவோ நாணினோம். ஓராண்டு கழிந்தபின், நன்றாய் வாய்த்த முயற்சி ஒன்றை மட்டும் தேர்ந்து, அடுத்த தெருவில் வாழும் பள்ளி மாணவனொருவனுக்கு அனுப்பினோம். அவன் எம்மினும் ஆறாண்டு இளையன். பதினைந்து வினாடியில் முடிப்பவன். “அண்ணா, இது தற்செயலாய் வாய்த்தது. தொடர்ந்து செய்யும் ஐந்தையும் அனுப்புங்கள், கெட்டதையும் வெட்டாமல் அனுப்புங்கள்” என்றான். போட்டியிலும் ஐந்து முயற்சிகளுள் மிகச் சிறந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, நடுநின்ற மூன்றின் சராசரியையே கொள்வர்.

அங்ஙனமே அனுப்பினோம். அவன் அவற்றை மெதுவாக ஓட்டிப் பார்த்து, எம் கை அசையாது நின்ற இடங்களைக் குறித்துத் தந்தான். ஒவ்வோர் இணையும் முடிந்தவுடன் அடுத்ததைத் தேடி மூன்று நான்கு வினாடி யாம் திகைத்து நின்றது தெரிந்தது. கனசதுரம் முழுவதையும் வீணே புரட்டிப் புரட்டிப் பார்த்ததும் தெரிந்தது. செய்யும்போது இவற்றுள் ஒன்றையும் உணர்ந்திலேம்.

அவன் கூறிய அறிவுரை மூன்று. முதலாவது, தொடங்குமுன் நோக்குதற்குப் போட்டி விதிகள் அளிக்கும் 15 வினாடிக்குள் சிலுவை முழுவதையும் மனத்துள் முடித்துவிடல். அதற்கு எட்டுத் திருப்பங்களுக்கு மேல் ஒருபோதும் வேண்டுவதில்லை. இரண்டாவது, கை ஓரிணையைச் சேர்க்கும்போதே கண் அடுத்த இணையைத் தேடல். மூன்றாவது, அங்ஙனம் தேட இயலுமளவிற்குக் கையை மெதுவாக்கல். நிற்றல் மட்டும் ஆகாது. விரைவு வேண்டி வந்தார்க்கு மெதுவாகச் செய்யுமாறு கூறியது எமக்கு வியப்பாயிருந்தது. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியின் பொருள் அன்றே விளங்கிற்று. இரு திங்களில் எம் சராசரி 26 வினாடியாயிற்று.

காணொளி எடுப்பார்க்கு ஒரு சொல். கைகளும் கனசதுரமும் தெளிவாய்த் தோன்றுதல் வேண்டும். கலைத்த வரிசையையும் எழுதி உடன் வைத்தல் வேண்டும். அப்போதே அறிவுரை கூறுவார் அதே நிலையினின்று தாமும் தொடங்கி, வேறு வழியுண்டேல் காட்டல் கூடும்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பர். நன்றாய் வந்ததை மட்டும் காட்டுவோன் புகழ்ச்சி பெறுவான். தடுமாறியதையும் காட்டுவோன் திருத்தம் பெறுவான். இளையவனொருவன்பால் அதனைப் பெற நாணாதிருந்தேமாயின், அவ்வோராண்டு எமக்கு வீணாகியிராது.