கம்பத்தடியில் காத்திருக்கும் நேரம்

தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் என்றால் விழுப்புரத்தைத்தான் சொல்வார்கள். நட்டுவைத்த மரக்கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவி, ஏறி, தலைகீழாகத் தொங்கி, ஆசனங்கள் போடும் நம்மூர் ஜிம்னாஸ்டிக்ஸ் அது. ஒரு கம்பத்துக்குப் பல பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவர் ஏறி ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிட, மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். கூட்டிவந்த பெற்றோருக்கு அது வீண்பொழுதாகத் தெரியும். பயிற்சியில் பாதி அந்த வரிசையில்தான் நடக்கிறது என்பேன்.

இறங்கியவரின் தொடைப்பிடி தளர்ந்திருக்கும், மூச்சு வாங்கும். அப்போதே மறுபடி ஏறினால் கோணல் அசைவுதான் உடலில் பதியும். நின்று மூச்சுவிடும்போது பிடி திரும்புகிறது; முன்னால் ஏறுபவரின் முழங்கால் எங்கே மடங்குகிறது என்று கண்ணும் பார்த்துக்கொள்கிறது.

இடைவெளியின் பலனை 1978-இல் பேட்லி, லாங்மன் என்ற இருவர் பிரிட்டன் தபால் ஊழியர்களிடம் பார்த்தார்கள். தட்டச்சு பழக ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். இன்னொன்றுக்கு இரண்டிரண்டு மணியாக நான்கு மணி நேரம். விசைப்பலகை கைவர, ஒரு மணிக் குழுவுக்கே மொத்தத்தில் குறைந்த மணி நேரம் போதுமாயிருந்தது. நாட்கள் என்னவோ அதிகம் பிடித்தன. அதனால் மனக்குறையும் அவர்களுக்கே அதிகம்! நன்றாகக் கற்றவர்களே தாங்கள் பின்தங்கியதாக நினைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் இதை மறக்கவே கூடாது.

தூக்கமும் கற்றுத்தருகிறது. 2002-இல் மேத்யூ வாக்கர் குழு சோதித்தபோது, விரல்களால் ஒரே வரிசையில் தட்டப் பழகியவர்கள் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். அத்தனை மணி நேரம் விழித்திருந்தபோது அந்த வேகம் வரவில்லை. குட்டிக்கரணத்துக்கும் அதே 20 என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பயிற்சிக் காலத்தில் பிள்ளையின் தூக்கத்தைக் குறைப்பது பெரிய நஷ்டம்.

இடைவெளியும் தூக்கமும் இப்படி உதவுவதால், மலையூரான ஏற்காட்டில் மல்லர் கம்பம் சொல்லித்தருவதென்றால், மே மாத விடுமுறையில் பத்து நாள் தொடர்ந்து பழக்குவதைவிட, அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் வாரம் மூன்று நாள் பழக்குவதே என் விருப்பம். ஒன்றில் மட்டும் விழுப்புரத்து முறையை அங்கே மாற்ற வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், டிசம்பர் மூடுபனியில் வரிசை நீண்டால் சூடேறிய தசை குளிர்ந்துவிடும். ஒரு கம்பத்துக்கு நான்கைந்து பேர் போதும். காத்திருப்பவர் ஸ்வெட்டரைக் கழற்றாமல் நடந்துகொண்டே இருக்கட்டும். புதிய அசைவை வகுப்பின் தொடக்கத்திலேயே, உடல் சூடேறிய கையோடு சொல்லித்தர வேண்டும். கடைசிக்குத் தள்ளினால் சோர்ந்த காலோடு குதித்துக் கணுக்கால் பிசகும்.