காசு கொடுத்துப் பிடித்த மீனைக் கடலிலேயே விடணும்!

அமெரிக்காவில் நியூஜெர்சி கடற்கரைப் பக்கம் கோடை வந்துவிட்டால் மீன்பிடி வாடகைப் படகுகளுக்கு ஏகக் கிராக்கி. சின்னப் படகில் 6 பேருக்குத்தான் அனுமதி. 7-வது ஆள் ஏற வேண்டுமானால் படகுக்கே தனி சர்ட்டிபிகேட் வேண்டும்!

இவர்கள் தேடிப் போவது 'புளூக்' என்ற தட்டை மீன். நாக்கு மீனுக்குத் தூரத்துச் சொந்தம். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர வலது கண் நகர்ந்து இடது பக்கமே வந்துவிடும்! குளிர்காலத்தில் ஆழ்கடல், வெயில் காலத்தில் கரையோரம். அதனால் படகு ரொம்ப தூரம் போவதில்லை. எஞ்சினை நிறுத்தி நீரோட்டத்தில் மிதக்க விடுகிறார்கள். ஈயக் குண்டு தரையைத் தொட்டபடி வரணும். தூண்டிலில் கணவாய்த் துண்டு.

ஸ்கேல் வருகிறது

மீன் மாட்டியதும் குஷிதான். ஆனால் உடனே ஸ்கேல் வந்துவிடும். 2023-ல் ஆளுக்கு 17 அங்குலத்துக்கு மேல், 18-க்குள் 2 மீன். 18-ம் அதற்கு மேலும் 1 மீன் என்று இருந்தது. 2024-ல் பெரும்பாலான இடங்களில் மூன்றுமே 18 அங்குலம் இருக்கணும் என்று ஆக்கிவிட்டார்கள். அரை அங்குலம் குறைஞ்சாலும் கடல்லதான்!

சங்கடம் என்னவென்றால், இந்த மீனில் ஆண் சிறுசு, பெண்தான் பெருசு. 18 அங்குலம் தாண்டுவது பெரும்பாலும் முட்டையிடும் தாய் மீன். சின்னதைக் காப்பாற்றப் போட்ட சட்டம், தாயைச் சட்டிக்கு அனுப்புகிறது.

திரும்ப விட்டதெல்லாம் பிழைக்கிறதா? அதுவும் இல்லை. தூண்டில் காயத்தால் 10-க்கு 1 செத்துப்போவதாக அதிகாரிகளே கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.