தலைவர் யாராக இருந்தாலும் நாற்காலிக்கு ஒரே அதிகாரம்தான்

ஊராட்சி மன்ற அலுவலகத்துக்கு நீங்கள் எதற்காகப் போவீர்கள்? வீட்டு வரி கட்ட, குடிநீர் இணைப்பு கேட்க, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல, 100 நாள் வேலை பற்றி விசாரிக்க. போனதும் கேட்கும் முதல் கேள்வி, "தலைவர் இருக்காங்களா?" என்பதுதான். சில ஊர்களில் இதற்கு வரும் பதில்: "தலைவரம்மா வீட்ல இருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் இருக்காரு, விஷயத்தைச் சொல்லுங்க."

நம்மில் பலர் உடனே அவரிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். நாம் வாக்களித்தது அவருக்கு இல்லையே என்று யோசிப்பதில்லை. தேர்தலில் கொடுத்த அதிகாரத்தை நாமே அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்வது இப்படித்தான்.

ஊராட்சியும் ஒரு பணியிடம்தான்

தலைவர், துணைத்தலைவர், வார்டு உறுப்பினர்கள், ஊராட்சிச் செயலர், குடிநீர்த் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர்கள் என்று பலர் சேர்ந்து வேலை செய்யும் இடம் அது. ஆண், பெண், பல சாதியினர், பல வயதினர், படித்தவர், பள்ளிக்கே போகாதவர் என எல்லோரும் அங்கே உண்டு. யார் சொல்ல வேண்டும், யார் கேட்க வேண்டும் என்பதில் ஊர்த்தெருவுக்குப் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. அலுவலகத்துக்குச் சட்டம் வகுத்த முறை வேறு. வழக்கப்படி 'கேட்க வேண்டியவர்' என்று கருதப்பட்ட ஒருவர் 'சொல்ல வேண்டிய' இடத்துக்கு வரும்போது இரண்டும் மோதுகின்றன.

இந்த மாற்றம் தானாக வந்ததில்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் உள்ளாட்சிகளில் இட ஒதுக்கீடு கொடுத்தது. தலைவர் பதவிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் பெண்களுக்கான பங்கு 2016-இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மாநிலத்தின் கிராம ஊராட்சிகளுக்கும் பொருந்தும் ஏற்பாடு இது.

எதிர்ப்பின் இரண்டு முகங்கள்

சில இடங்களில் எதிர்ப்பு வெளிப்படையாகவே வந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டனர். பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் அமர்ந்ததுதான் பகைக்குக் காரணம். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் பதவி நிலைக்கவில்லை. வேட்பு மனு தாக்கல் செய்ய ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. மாவட்ட நிர்வாகமும் அரசும் ஊர்மக்களிடம் தொடர்ந்து பேசிய பிறகு, 2006-இல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பில் நீடித்தார்கள்.

இன்னொரு வகை எதிர்ப்பு சத்தம் போடாது. தலைவருக்கு நாற்காலி போட மாட்டார்கள். வயதில் மூத்த தலைவரையும் 'வா, போ' என்பார்கள். கோப்பு முதலில் துணைத்தலைவர் வீட்டுக்குப் போகும். கூட்டத்தில் தலைவர் பேசும்போது உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். சுதந்திர தினத்தன்று கொடியை வேறொருவர் ஏற்றுவார். பட்டியல் இனத் தலைவர்கள் எந்தப் பாகுபாடும் இல்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டிய நிலை இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இப்படி ஒத்துழைப்பு மறுக்கப்பட்ட தலைவரைப் பார்த்து, கடைசியில் ஊர் என்ன சொல்கிறது? "அந்தம்மாவுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியல." சுற்றி இருப்பவர்கள் தராத ஒத்துழைப்பு, தலைவரின் திறமைக் குறைவாகக் கணக்கில் எழுதப்படுகிறது.

நஷ்டம் யாருக்கு?

"அவங்க சண்டை நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். ஊராட்சிப் பணத்தைச் செலவிடத் தலைவர், துணைத்தலைவர் இருவரும் ஒப்பமிட வேண்டும். 'இவங்க சொல்லி நான் கையெழுத்துப் போடணுமா' என்று ஒருவர் நினைத்தால், மோட்டார் ரிப்பேர் செய்தவருக்குப் பணம் போகாது. அடுத்த முறை அவர் வரமாட்டார். தண்ணீர் வராமல் போவது தலைவர் வீட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் தெருவுக்கும்தான்.

நல்ல செய்தியும் உண்டு. மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டங்களில் ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. பெண்கள் தலைமை வகித்த ஊராட்சிகள், பெண்கள் அதிகம் கேட்ட குடிநீர் வசதிக்குக் கூடுதலாகச் செலவிட்டதை அது காட்டியது. 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மேற்கு வங்கக் கிராமத்தினருக்கு ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். பெண் தலைமையைப் பார்த்துப் பழகிய ஊர்களில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆக, மனத்தடை பழக்கத்தால் வந்தது. பழக்கத்தாலேயே போகவும் செய்யும். ஆனால் பழகுவதற்கு, தலைவர் உண்மையிலேயே வேலை செய்ய விடப்பட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• மனுவைத் தலைவரிடமே கொடுங்கள். கணவரோ மகனோ வாங்க வந்தால், "தலைவர்கிட்டயே குடுத்துக்கறேங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சட்டப்படி எந்தப் பொறுப்பும் இல்லை.

• ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தவறாமல் போங்கள். கேள்வியைத் தலைவரிடம் கேளுங்கள். பதிலை அவர் வாயால் கேளுங்கள்.

• நீங்கள் ஊராட்சிச் செயலராகவோ பணியாளராகவோ இருந்தால், கோப்பை முதலில் தலைவரிடம் கொண்டுபோங்கள். வரவு செலவை அவருக்குப் புரியும்படி விளக்குவது உங்கள் கடமை.

• நீங்களே தலைவராக இருந்தால், முடிவுகளைத் தீர்மானப் பதிவேட்டில் தவறாமல் எழுதி வையுங்கள். யாராவது தடுத்தால், தேதியோடு குறித்து வைத்து, ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

பட்டியல் இன, பழங்குடியின உள்ளாட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அப்பிரிவுகளைச் சாராத ஒருவர் மிரட்டினாலோ, பணி செய்யவிடாமல் தடுத்தாலோ அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 3(1)(எம்) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. உதவிக்கு வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566, பெண்கள் உதவி எண் 181. ஊராட்சிச் சேவைகள் பற்றிய புகார்களுக்கு முதல்வரின் உதவி மையம் 1100.

பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று நடந்த கிராம சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். ஒரு காலத்தில் தேர்தலே நடக்க முடியாத ஊர் அது. அடுத்த கிராம சபை உங்கள் ஊரில் கூடும்போது, பேச எழும் தலைவர் பேசி முடிக்கும்வரை காது கொடுங்கள். அவருடைய பதவியைப் பலப்படுத்த உங்களால் உடனே செய்ய முடிந்தது அது.