மரத்தடியில் ஒரு கணக்கு வகுப்பு

எங்க அப்பா ஒரு தடவை, வரப்போரம் நின்ன 6 வேப்பமரத்தைக் குத்துமதிப்பா விலை பேசிக் கொடுத்தார். வியாபாரி மரத்தைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், ஒரு தொகை சொன்னார். அப்பாவும் சரின்னுட்டார். லாரியில் ஏற்றும்போது பக்கத்துக் காட்டுக்காரர் அடிமரத்தைப் பார்த்துவிட்டு, "பாதி விலைக்குக் கொடுத்துட்டீங்களே" என்றார். நட்டு வளர்க்கத் தெரிந்த நமக்கு, மரத்தை அளக்கத் தெரியலை.

அந்த வலிதான் இப்போ ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிவர வைக்குது. கரும்பலகை கிடையாது. ஒரு குச்சி, ஒரு டேப், ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

முதலில் மரத்தைக் காட்டி, "முதல் கவை வரைக்கும் எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்பேன். ஒருத்தன் 8 என்பான், இன்னொருத்தி 25 என்பாள். எல்லாத்தையும் நோட்டில் எழுதச் சொல்வேன். அப்புறம்தான் குச்சி. கையை நேரா நீட்டிக் குச்சியைச் செங்குத்தாகப் பிடிக்கணும். கண்ணிலிருந்து பிடி வரை எவ்வளவு தூரமோ, பிடிக்கு மேலே குச்சியும் அவ்வளவு நீளம் இருக்கணும். பிடி மரத்தின் அடியோடும், குச்சி நுனி கவையோடும் ஒட்டித் தெரியும் வரை பின்னால் நடக்கணும். நின்ற இடத்திலிருந்து மரம் வரை டேப் பிடித்தால், ஏறக்குறைய அதுதான் உயரம். தரை சமமாக இருக்கணும், மரம் சாயாமல் இருக்கணும்.

அடுத்தது சுற்றளவு. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், மார்பு மட்டத்தில் அளக்கணும். சரிவான நிலமென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்கணும்.

இனி கணக்கு. சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்று வைப்போம். சுற்றளவில் கால் பங்கு 12 அங்குலம், அதாவது 1 அடி. 1 x 1 x 10 = 10 கன அடி. இதைத்தான் கால் சுற்றளவு முறை என்கிறோம்.

போன மாசம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன் நோட்டை நீட்டினான். "மாமா, பள்ளிக்கூடத்தில் சொன்ன வட்டக் கணக்கு போட்டா 12.7 கன அடி வருதே?" என்றான். சரியான கேள்வி! அறுக்கும்போது கழிவு போகும் என்று, இந்த முறையே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துத்தான் காட்டும். அதுக்கு மேலயும் ஒருத்தர் "கழிவு" என்று சொல்லிக் குறைத்தால், ஏன் என்று நாம கேட்கணும். அந்தப் பையனால்தான் எனக்கே இது தெளிவாச்சு.

ஒரு எச்சரிக்கை. மரம் மேலே போகப் போக ஒல்லியாகும். அதனால் மார்பு மட்ட அளவு கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். பட்டையும் அதில் சேர்ந்திருக்கும். வெட்டிச் சாய்த்த பிறகு, துண்டின் நடுவில் அளந்தால்தான் கணக்கு நிற்கும். நின்ற மரத்தின் அளவு, பேரம் பேசப் போகும் முன் நம் கையில் இருக்க வேண்டிய மதிப்பு.

அளப்பது வெட்டுறதுக்கு மட்டும் இல்லை. ஒரு பொண்ணு, "இது இவ்வளவு பருக்க எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியலை. நட்ட வருஷத்தை யாரும் எழுதி வைக்கலையே! இப்போ ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் கொடுத்திருக்கோம். வருஷா வருஷம் தை மாசம் அதே உயரத்தில் சுற்றளவு எடுத்து எழுதுறோம். எந்த மரம் ஓடி வளருது, எது நின்னு வளருது என்று பிள்ளைகளே சொல்றாங்க.

வர்ற ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு டேப்பைக் கொடுங்க. வரப்போர மரம் ஒன்றில் தொடங்கலாம்.