ஆணை பிறந்த மண், ஏட்டில் தொலைந்த நிலம்

படப்பை வட்டாரத்தின் வரலாறு என்றால் மூன்று ஊர்களைச் சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவப் படையும் சாளுக்கியப் படையும் மோதிய மணிமங்கலம், 1017-ல் இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், கார்களும் லாரிகளும் உருவாகும் ஒரகடம். மன்னர், மகான், முதலாளி என்று அந்தக் கதை முடிந்துவிடும். இந்த மண்ணில் வயல் வேலை செய்து வாழ்ந்த குடும்பங்களைப் பொறுத்தவரை, அவர்கள் தலைமுறைகளின் போக்கைத் தீர்மானித்த நாள் வேறு. 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை அரசின் வருவாய்த்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு வீட்டுமனையும் தரிசு நிலமும் ஒதுக்க வழிவகுத்த ஆணை அது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். அதற்குக் காரணமாக இருந்ததும், படப்பையை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். சீர்திருத்தக்காரர்கள் பேசலாம், அரசு ஆணை போடலாம். அந்த ஆணை கிராமக் கணக்கில் ஏறி, அங்கேயே நிலைத்தால்தான் வரலாறு மாறும் என்பதற்கு இந்த மாவட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடையாது.

செங்கல்பட்டு 1763-லேயே ஆற்காடு நவாப்பிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. கம்பெனி வந்த பிறகும், ஊர் நிலத்தின் மீது பரம்பரைக் குடும்பங்களுக்கு இருந்த மிராசு உரிமை அசையவில்லை. ஊரில் தரிசு கிடந்தாலும், அதைக் கேட்டு ஒரு கூலிக்காரர் தர்காஸ்து மனு போட்டால், முதல் உரிமை மிராசுதாருக்கே போனது. 1891-ல் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், நிலமில்லாத ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி விரிவான குறிப்பொன்றை அரசுக்கு அனுப்பினார். அதில் மனதை உலுக்குவது வீட்டுமனை பற்றிய பகுதி. சேரியில் ஒருவர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தாலும், குடிசை நிற்கும் இடம் அவருடையதல்ல. கூலி கூடக் கேட்டாலோ, வேறு பண்ணைக்குப் போக நினைத்தாலோ, "மனையைக் காலி செய்" என்ற ஒரு சொல் போதும், குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். கடன், படியாள் எனப்பட்ட பண்ணைக் கூலியைப் பண்ணையோடு கட்டியது, மனை அந்தக் கட்டை அவிழாமல் பார்த்துக்கொண்டது. அதே ஆண்டுகளில் செங்கல்பட்டிலும் திருவள்ளூரிலும் பணியாற்றிய ஆண்ட்ரூ, கௌடி போன்ற மிஷனரிகளும் இதே குறையை எழுதினார்கள். வருவாய் வாரியம் தயங்கியது, மிராசுதார்கள் எதிர்த்தார்கள். கேட்டது முழுவதையும் அரசு கொடுத்துவிடவில்லை. மனை, தரிசு என்ற இரண்டில் ஓரளவு இறங்கி வந்தது. அந்த ஓரளவுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அடிநிலம்.

இதை வெள்ளைக்கார அதிகாரியின் கருணை என்று மட்டும் படிப்பது தவறு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பில் ஏற்றி, அரசாங்கத்துக்கு மனுவும் மகஜருமாக எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் ஆணையை நிரந்தரக் கொள்கையாக்கியது இப்படி ஓயாமல் கேட்ட குரல்கள்தான். 1919-20-ல் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நலனுக்கென லேபர் கமிஷனர் பதவி உருவானது, அதன் வழியே நில ஒப்படைப்பு வேகம் பிடித்தது. 1922-ல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசு ஆவணத்தில் ஏறியது. 1924-ல் பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சீனிவாசன் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். நிலத்தைப் பொறுத்தவரை, காலப்போக்கில் வருவாய் வாரிய நிலையாணைகளில் ஒரு காப்பும் சேர்ந்தது. ஒப்படைத்த நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கிராமத்தில் 'கண்டிஷன் பட்டா', 'டி.சி. நிலம்' என்பது இதைத்தான். ஏழையின் அவசரத்தைப் பணக்காரன் விலைபேசிவிடாமல் தடுக்க எழுதப்பட்ட நிபந்தனை அது.

நிபந்தனை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கவலையின் மையம். கிராம 'அ' பதிவேட்டைப் பிரித்தால் புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, மண் வயனம், தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று கட்டங்கள் ஓடும். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு குறுகிய கட்டம். நிபந்தனை நிலம் என்பதற்கான சொல் இருந்தால், அங்கேதான் இருக்கும். அந்தக் கட்டம் வெறுமையாகிவிட்டால் நிலம் மற்ற நிலத்தோடு நிலமாகிவிடுகிறது. இந்தப் பதிவேட்டை வைத்திருந்த பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்) பதவி 1980-ல்தான் ஒழிந்தது. அதுவரை ஆணை கோட்டையில் பிறந்தாலும், அது உயிரோடு இருக்க வேண்டிய ஏடு பெரும்பாலும் ஊரின் ஆதிக்க வீட்டிலேயே இருந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்ட மறுபதிவில் பெயர் மாறியது, பரப்பு மாறியது, குறிப்பு விடுபட்டது என்ற மனுக்கள் இன்றும் தாலுகா அலுவலகங்களில் குவிகின்றன. 'யு.டி.ஆர். பிழை' என்பது அங்கே அன்றாடச் சொல். பத்திரப்பதிவில் வில்லங்கச் சான்று எடுத்தாலும், பதிவான பரிமாற்றங்கள்தான் தெரியும். நூறாண்டுக்கு முந்தைய ஒப்படைப்பின் நிபந்தனை அதில் தெரியாது. சேரி மனையின் கதையும் இப்படித்தான். 1891-ல் எழுதப்பட்ட குறைக்கு, குடியிருப்போருக்கே மனையை உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971-ல்தான் வந்தது. எண்பது ஆண்டுகள்.

இந்த ஏடு இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்கள் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையைப் பார்க்கட்டும். 1990-களின் இறுதியில் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 1997-ல் தொழில் நோக்கத்துக்கான நில எடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பிறகு ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று அரசின் சிப்காட் தொழிற்பூங்காக்கள் விரிந்தன. படப்பையில் ஏக்கர் கணக்கு போய்ச் சதுர அடிக் கணக்கு வந்தது. நிலம் எடுக்கும்போது இழப்பீடு பட்டாவில் பெயர் உள்ளவரைத் தேடிப் போகும். புறம்போக்கை உழுதவருக்கு, பட்டா தொலைந்தவருக்கு, கண்டிஷன் பட்டாவை வெற்றுத்தாளில் கைமாற்றிவிட்டவருக்கு அது வராது. 2013-ன் மத்திய நில எடுப்புச் சட்டம் நிலத்தை நம்பி வாழும் கூலிக்காரரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று கணக்கில் எடுத்தது. ஆனால் மாநிலத்தின் தொழில் நில எடுப்புச் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீடு போன்ற நடைமுறைகளிலிருந்து விலக்குப் பெற்றுத் தொடர்கிறது. ஒரே சாலை, ஒரே ஆண்டு, ஒரே சந்தை. ஒரு வீடு மாடி கட்டியது, பக்கத்துச் சேரியின் பிள்ளை ஒப்பந்தத் தொழிலாளியாகக் கம்பெனி பஸ் ஏறினான். இரண்டுக்கும் இடையில் இருந்தது பதிவேட்டின் ஒரு வரி.

தொழிற்சாலைகள் வந்திராவிட்டால் வேலைவாய்ப்பு ஏது என்று கேட்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. அதைவிட ஆழமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஆணைகளும் மனுக்களும் வரலாற்றை மாற்றுவதில்லை, சந்தையும் மூலதனமும்தான் மாற்றுகின்றன, மானாவாரித் தரிசை வைத்துக்கொண்டு யாரும் முன்னேறியிருக்க மாட்டார்கள் என்பது அந்த வாதம். மானாவாரித் தரிசாக இருந்தபோது அந்த நிலத்துக்கு மதிப்பில்லை என்பது உண்மைதான். ஆனால் மூலதனம் இந்தச் சாலைக்கு வந்த நாளில் தரிசுக்கும் நஞ்சைக்கும் இருந்த விலை வேறுபாடு கரைந்துபோனது. அன்று நிலம் கையில் இருந்தவருக்குச் சந்தையே துணை செய்தது. கையில் இல்லாதவருக்கு அதே சந்தை வாடகையையும் விலைவாசியையும் மட்டும் உயர்த்தியது. யாரை உயர்த்த வேண்டும் என்பதைச் சந்தை ஏட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தது. "அவர்களாகவே விற்றார்கள்" என்ற வாதமும் நிற்காது. மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் விற்கும் நிலை வரும் என்பதை முன்கூட்டியே அறிந்துதான் அந்த விற்பனைத் தடை எழுதப்பட்டது.

சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் ஒப்படைக்கப்பட்டது என்று நில உரிமை இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து இருவர் உயிரிழந்தார்கள். ஆணை பிறந்த மாவட்டத்திலேயே, அதை நிறைவேற்றக் கேட்டதற்கு அந்த விலை. வண்டலூர் - வாலாஜாபாத் தொழில் வழித்தடம் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது. கான்கிரீட் போட்டு, வேலி எழுப்பி, வங்கிக்கு அடமானம் வைத்த பிறகு எந்த நீதிமன்றத் தீர்ப்பும் நிலத்தைத் திருப்பித் தருவது கடினம். ஆகவே அடுத்த நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பு, அந்தந்தக் கிராமத்தின் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டை இன்றைய கணினிப் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, நிபந்தனை நிலங்களின் புல எண்களைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். அதே எண்கள் பதிவு அலுவலகக் கணினியிலும் ஏற வேண்டும், பத்திரம் எழுத வரும்போதே தடை தெரிய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, பழைய ஏடுகளைத் திறந்தால் போதும். 1892-ன் சீர்திருத்தக்காரர்கள் ஆணையை வென்று ஏட்டைப் பிறர் கையில் விட நேர்ந்தது. இந்தத் தலைமுறைக்கு அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் படிப்பும் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கின்றன. அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினால், அடுத்த பூங்காவின் வரலாற்றையும் குறிப்புக் கட்டத்தை வெறுமையாக்குபவர்களே எழுதுவார்கள்.