ஒரே விரலில் இரண்டு மோதிரம்

2010-இல் இளவரசர் வில்லியம், கேட் மிடில்டனுக்கு நிச்சய மோதிரமாகப் போட்டது தன் தாய் டயானாவின் மோதிரத்தை. நடுவில் 12 காரட் இலங்கை நீலக்கல், சுற்றிலும் 14 வைரங்கள், வெள்ளைத் தங்கக் கட்டடம். மறு ஆண்டு ஏப்ரல் 29 அன்று அதே விரலுக்கு வந்த கல்யாண மோதிரமோ வேல்ஸ் தங்கத்தில் செய்த, கல்லே இல்லாத மஞ்சள் வளையம். அரசி இரண்டாம் எலிசபெத்தும் 1947 முதல் பிளாட்டின வைர மோதிரத்தோடு வேல்ஸ் தங்க வளையத்தைத்தான் சேர்த்து அணிந்தார்.

கடைக்கு வரும் ஜோடிகள் முதலில் தவிப்பது நிறப் பொருத்தத்துக்காக. வெள்ளையும் மஞ்சளும் அக்கம்பக்கமாக இருப்பது தனி அழகு என்பேன். உண்மையில் கவனிக்க வேண்டியது உரசலை.

மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10. சுத்தத் தங்கம் 3-ஐத் தாண்டாது. ஓரமெல்லாம் பொடி வைரம் பதித்த வளையம், பக்கத்து மோதிரத்தின் தங்கத்தை அரம்போல ராவிவிடும். காரட் வேறுபட்டாலும் இதே கதைதான். நம் கடைகளில் வைர மோதிரம் பெரும்பாலும் 18 காரட், வெறும் வளையம் 22. இரண்டும் தினமும் உரசினால், மென்மையான 22 காரட்தான் முதலில் தேயும். திருப்பி விற்கும்போது 22-க்கு மதிப்பு அதிகம் என்பார்கள். ஆயுளுக்கும் கழற்றாமல் போடும் பொருளுக்கு அந்தக் கணக்கு எதற்கு? வளையத்தையும் 18-இலேயே எடுங்கள்.

அடுத்து இடைவெளி. கல்லைத் தாங்கும் கூடு தாழ்வாக இருந்தால் நேரான வளையம் ஒட்டி உட்காராது. அதற்கென்றே கல்லுக்கு இடம்விட்டு வளைத்துச் செய்யும் வளையங்கள் உண்டு. ஆனால் மாவு பிசையும்போதும் குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் கல் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுவோம். அப்போது தனியாக நிற்கும் வளைந்த வளையம் கோணலாகத் தெரியும். கீற்றளவு இடைவெளி இருந்தால் இருக்கட்டும், நேர் வளையமே என் தேர்வு. பற்றாசு வைத்து இரண்டையும் ஒன்றாக ஊதிவிடுவோரும் உண்டு. உரசல் நிற்கும்; ஒன்றை மட்டும் போட நினைத்தால் மறுபடி பட்டறைக்குப் போக வேண்டும்.

அளவை நிச்சய மோதிரத்தைப் போட்டுக்கொண்டே பாருங்கள். இரண்டு சேர்ந்தால் விரலில் பிடிப்பு கூடும். வெயிலில் விரல் சற்று வீங்கும், குளிர்ந்த காலையில் சுருங்கும். ஒருமுறை காலையிலும் ஒருமுறை மாலையிலும் போய், கையை இறுக மூடித் திறந்து பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.